மூன்று சாமிக்கும் விளக்கேற்றினேன்

இன்று காலை ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, ஜன்னலோர சீட் பிடித்து, ஃபோனைத் திறந்தால்...

எதிரில் மூன்று கடவுள்கள்!

(ஃபேன்டசி கேம்தான். பயப்பட வேண்டாம்.)

ஏழு மாதமாக பெங்களூரு வேலைக்குப் போகும் வழியெல்லாம் நான் வளர்த்த வில்வீராங்கனை லீரா, நேற்றைய சண்டையில் விழுந்துவிட்டாள். உலகத்தைப் படைத்த கடவுளால்தான் அவளுக்கு உயிர் கொடுக்க முடியுமாம். அந்தக் கடவுளின் கோயிலில் விளக்கேற்ற வேண்டும், வாய்ப்பு ஒரே ஒரு முறை.

சரி, படைத்தது யார்?

மலைக்கோயில் கல்வெட்டில், தீக்கடவுள் படைத்தார், நாகதேவி அவருடைய மகள் என்று இருக்கிறது. குளத்துக் கோயிலில், நாகதேவி இட்ட முட்டையிலிருந்துதான் தீக்கடவுளே வந்தார் என்கிறார்கள். குகைக்குள் போனால் கல்சாமி, அந்த இருவரையும் செதுக்கியதே நான்தான் என்கிறார்!

அப்பா மகளா, அம்மா மகனா, இரண்டும் பொம்மையா? எனக்குத் தலை சுற்றியது.

அடுத்த ஸ்டேஷன் கோரமண்டலில் செல்வி ஏறினாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை. இந்த கேமில் எனக்கு சீனியர்.

"இன்னாக்கா, காலைலயே மூஞ்சி இப்டி கீது?"

"எந்த சாமி நெஜம்னு தெரியலடி. மூணு பேரும் மூணு கத சொல்றாங்க."

"எழுதனது யாருன்னு பாருக்கா. அவுங்கவுங்க பூசாரி அவுங்கவுங்க சாமியதான் பெருசா எழுதுவான்."

"அப்போ எத நம்பறது?"

"அது தெரிஞ்சா நான் ஏங்க்கா லேப்ல கீறேன்?"

பங்காருப்பேட்டை தாண்டியும் முடிவு வரவில்லை.

கடைசியில் எங்கள் ஊர் வழக்கப்படியே செய்தேன். போன மாதம் மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன், மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன், தர்காவில் ஓதிய தண்ணீரும் வாங்கி வந்தேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. காய்ச்சலும் இறங்கியது. (மாத்திரையும் கொடுத்தேன், அது வேறு விஷயம்.)

அதனால் கேமிலும் மூன்று கோயிலுக்கும் விளக்கேற்றிவிட்டேன்!

திரை சிவந்தது. 'விசுவாசமற்றவளே!' என்று மூன்று குரல்கள். லீரா சாம்பலாகிப் போனாள்.

செல்வி எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, இன்னாக்கா பண்ணி வெச்ச? ஒரு சாமிக்கு ஏத்துனா மத்த ரெண்டுத்துக்கும் ஆவாதுக்கா!"

"நம்ம ஊர்ல ஆவுதேடி!"

அழுகை வந்துவிட்டது. எதிர் சீட்டு அம்மா, யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். (தவறித்தானே போனாள்!)

படைத்தது யார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, நண்பர்களே. உங்களில் யாருக்காவது தெரியுமா?

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உலகம் பிறந்த கதையில் ஒத்துப்போகாத அந்த மூன்று பேரும், என்னைச் சபிப்பதில் மட்டும் ஒரே கட்சி!