நீல எழுத்தை அமுக்கினவங்க

எனக்கு எழுபத்தஞ்சு வயசு. தேயிலைக் கொழுந்து பறிச்சே ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். யாருகிட்டயும் கை நீட்டினதில்லை. கடைக்குட்டி மகள் படிச்சு, நுவரெலியாவில் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கின இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமை அந்திக்கு பஸ்ஸில் எங்க கொட்டகலைக்கு வந்து இறங்கிடுவாள்.

கம்ப்யூட்டரில் வெளிநாட்டுக்காரங்களுக்கு ஈமெயில் எழுதுவதுதான் அவள் வேலை. அடியில் நீலமா ஒரு வரி இருக்குமாம். அதை அமுக்கினால் ஹோட்டல் பக்கம் திறக்கும், ரூம் எடுக்கலாம். அருவின்னு எழுதினாள், பனின்னு எழுதினாள். ஒருத்தரும் அமுக்கவில்லை. இந்த சீசனும் இப்படியே போனால் ஆள் வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டார். இந்த வேலை போனால் கொழும்புதான். பெரியவனைத் தவிர மற்றதெல்லாம் போன வழி அது. இவளாவது பக்கத்தில் இருக்கணும்னு எனக்கு ஆசை.

அது மாசி மாதம். எங்க தோட்டத்தில் காமன் கூத்து. ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் கட்டி வைப்பாங்க. பௌர்ணமிக்கு மன்மதனை எரிப்பாங்க. மூணாம் நாள் எழுப்புவாங்க. எரிக்கிற அன்னைக்கு இவளுக்கு லீவு கிடைக்கலை. மறுநாள் வந்து நின்னாள்.

"அம்மா, இந்த வருசம் ரதி வேசம் எந்தப் பையன்? நல்லா அழுதானா?"

எனக்குக் கோபம். "பார்த்தவங்களைப் போய்க் கேளு. நான் சொல்ல மாட்டேன்."

"கொஞ்சூண்டு சொல்லும்மா."

"மாட்டேன்டி. நாளைக்கு எழுப்புவாங்க, இருந்து பாரு. இல்லாட்டி தெரியாமலே கிட."

என்னையே பார்த்தவள் சிரிச்சாள். "சொல்லாம விட்டாத்தான் கேட்கத் தோணுதும்மா!" அங்கேயே உட்கார்ந்து, திங்கக்கிழமை அனுப்பப் போறதை எழுதினாள். எழுதினதைத் தமிழில் எனக்குச் சொன்னாள்: எங்க லயத்து வீடுங்க பக்கம் மன்மதனை எரிச்சிட்டாங்க. ரதி அழுதுகிட்டே இருக்கா. பிறகு என்ன ஆச்சு தெரியுமா? அவ்வளவுதான், அடியில் நீல வரி.

அமுக்கினாங்க. அடுத்த மாசிக்கு வாறோம்னு ரூம் எடுத்தாங்க. என் பிள்ளை இனி இங்கேதான்னு மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைச்சேன்.

அந்த ஈமெயில் சங்கதி கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டல் வரைக்கும் போயிருக்கு. அவங்க கூப்பிட்டாங்க.

"போகட்டுமாம்மா?"

"போயேன். உன்னை யாரு பிடிச்சு வச்சிருக்கா?"

அப்படித்தான் சொன்னேன். வேறு என்னத்தைச் சொல்ல?

இப்போ கொழும்பையும் தாண்டிப் போயிட்டாள். எங்கெங்கேயோ இருக்கிறவங்க அவள் எழுதினதைப் பார்த்து இந்த மலைக்கு வாறாங்க. கூப்பிடுறவளுக்குத்தான் வர முடியலை. மாசி வந்தால் "சீசன்மா, வேலை ரொம்பக் கூட" என்கிறாள். சனிக்கிழமை பஸ் சத்தம் கேட்டால் எனக்குக் கையில் வேலை ஓடாது.

சரி, பெரியவன் பெத்த கண்ணு, என் எழுத்து கோணலாத்தான் இருக்கும். ஒரு தடவை சத்தமா வாசிச்சுக் காட்டு. பிறகு இதை என் கடைக்குட்டிக்கு, உங்க அத்தைக்கு, அனுப்பு. எங்கேயாவது கெஞ்சுற மாதிரி கேட்டால், அந்த வரியை அடிச்சிரு.