பெயர் வெட்டாத கத்தி

அத்தான் வீட்டுக் குப்பை வாளியை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவின் புருசன்தானே, வாயை மூடிக்கொண்டு இரு என்று அம்மா சொல்கிறார். வாயை மூடிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் நேபாளத் தோழியின் அப்பா இறந்தபின், இங்கே நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவா என்ற இடத்தில் இருந்த வீட்டில், அவருடைய கட்டிலுக்கடியில் ஒரு குக்ரி கிடைத்தது. வளைந்த, கனத்த நேபாளக் கத்தி. செய்தவரின் பெயரோ முத்திரையோ எங்கும் இல்லை. ஊரில் என்ன வேலை செய்தார் என்று அவர் மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. செத்தவீட்டுக்கு வந்த ஒரு கிழவர்தான், அவர் கொல்லுப்பட்டறையில் வளர்ந்தவர் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்படியென்றால் இது அப்பாவே அடித்த கத்தியோ? சாப்பாட்டு இடைவேளை முழுக்க அவளுக்கு இதே கதைதான்.

கத்தி விசயத்தில் அத்தான் பெரிய புலி. பழைய சாமான் சந்தைகளில் வாங்கிய கத்திகளை ரொம்மன் என்ற பகுதியில் இருக்கிற தன் வீட்டுச் சுவர் நிறையத் தொங்கவிட்டிருக்கிறார்.

"கொண்டந்து தாரும், ஆரின்ரை கைவேலையெண்டு பாத்துச் சொல்லுறன்" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ராச குடும்பத்துக் கத்தி இது. சண்டைக்குப் போய் வந்திருக்கு!" என்று துள்ளினார். அது நவராத்திரி நேரம். குக்ரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமியறையில் கும்பத்துக்குப் பக்கத்தில் கிடத்திவிட்டார்.

விசயதசமியன்று தோழியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஒரு சின்னக் கத்தியும் கொண்டுவந்திருந்தாள். பழைய அரம் ஒன்றைத் தேய்த்து, இங்கே நிலவறையில் வைத்து அவளுடைய அப்பா செய்தது. அவர் செய்யும்போது ரோர்ச் லைற் பிடித்தவளே அவள்தான். அத்தான் இரண்டையும் விளக்கின் கீழே வைத்தார். குக்ரியில் பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். சின்னக் கத்தியிலும் அப்படியொன்று இருந்தது. இரண்டு கத்திகளிலும் அந்த வெட்டுக்குள் அரம் இழுத்த கோடுகள் ஒரே பக்கம் சரிந்திருந்தன. அத்தானின் சுவரில் தொங்கிய இன்னொரு குக்ரியில் மற்றப் பக்கம்.

"ரெண்டும் ஒரே ஆளின்ரை வேலை. உங்கடை அப்பா இடக்கைக்காரரோ?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

அவள் ஓமென்று தலையை ஆட்டிவிட்டு விம்மி அழுதாள். அக்கா அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள், எனக்கு வடை தந்தாள். அந்த நேரம் அத்தானை நினைக்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "அப்பா காமி ஆக்கள் எண்டு அந்தக் கிழவர் சொன்னவர். கொல்லர் எண்டுதானே கருத்து?"

இங்கே பிறந்தவள், அதற்குமேல் என்ன தெரியும்? அத்தான் தொலைபேசியில் அந்தச் சொல்லைத் தட்டித் தேடி வாசித்தார். முகம் சுண்டிப்போயிற்று. வெள்ளைக்காரன் எங்களை மதிக்கிறான் இல்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் மைக் பிடிக்கிற மனிசன் எழும்பிப் போய், சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார்.

பிறகு அக்காவிடம் தமிழில் சொன்னார்: "தீண்டாத ஆக்களாம். அந்தக் கத்தியை நீரே எடுத்துக் குடும். சாமியறைக்கு மஞ்சள் தண்ணி தெளியும். ஆர் எவர் எண்டு கேளாமல் வைச்சிட்டன்."

என்னோடு கூடப்பிறந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? தோழி குடித்து வைத்த கோப்பையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனாள். கழுவும் தொட்டிக்கு இல்லை. குப்பை வாளிக்கு.

"சீ! வெக்கமில்லையோ உங்கள் ரெண்டு பேருக்கும்?" என்று கத்தினேன்.

"கத்தாதையும். அவவுக்குக் கேக்கப்போகுது" என்றார் அத்தான்.

கோப்பை குப்பைக்குள் விழுவதைப் பார்க்கத் தமிழ் தெரிந்திருக்க வேண்டுமா? தோழி குக்ரியைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த வடையை அந்தக் கோப்பைக்கு மேலேயே எறிந்துவிட்டு நானும் வெளியே வந்தேன். உடம்பெல்லாம் அழுக்கு அப்பினமாதிரி இருந்தது.

ரயிலுக்கு நிற்கும்போது அவள் கதைக்கத் தொடங்கினாள்.

"நேபாள ஆக்களின்ரை வீட்டுக்குப் போனா அப்பா தன்ரை கோப்பையைக் கையோடை கொண்டுபோவார். நோர்வேக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோறேல்லை. ஏனெண்டு எனக்கு இவ்வளவு நாளும் விளங்கேல்லை."

துவாயை விலக்கிக் குக்ரியைப் பார்த்தாள். அத்தான் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

"அப்பா தன்ரை பேரை இதிலை வெட்டியிருந்தா, உங்கடை சாமியறைக்குள்ளை விட்டிருப்பியளோ?"