வெளுத்த புடவையோடு ஒரு இன்டர்வியூ

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்த கோடையில் ஆம்பூரில் காலரா பரவியது. பல நாடுகளைச் சுற்றிவிட்டு வந்திருக்கும் நோய் என்று வானொலியில் சொன்னார்கள். எங்களுக்கு அது ஆற்றோரத்துத் தெருக்களின் நோயாகத்தான் தெரிந்தது. எங்கள் தெரு அவற்றில் ஒன்று. பாலாற்று மணலில் ஊற்று தோண்டி நீர் எடுப்பவர்கள் நாங்கள். எதிர்வீட்டில் தாயும் கைக்குழந்தையும் ஒரே வாரத்தில் போனார்கள். அதன்பின் ரொட்டிக்காரர்கூடத் தெருமுனையோடு திரும்பிவிடுவார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். பாகாயத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி வேலூரில் படித்தேன். பட்டம் வாங்கினால் வேலை தானாக வரும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். ஆனால் அந்தக் கோடையில் பள்ளிகள் திறக்கும் நாள் தள்ளிப்போனது. டீச்சர் வேலைக்கு எழுதிப்போட்ட மனுக்களுக்குப் பதில் இல்லை. ஒரே ஒரு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. அப்பா வேலை செய்த, தோல் பதனிடும் டேனரியில் புதிதாக லேப் திறந்திருந்தார்கள், அதற்கு ஓர் உதவியாளர் வேண்டுமாம்.

அப்பா அங்கே சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவர். நான் அதே வாசல் வழியாகப் போய் நாற்காலியில் உட்காரப்போகிறேன் என்ற பெருமையை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சட்டையை உதறி உதறி மாட்டிக்கொண்டிருந்தார்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் தெருமுனையில் காலரா ஊசி போட்டார்கள். நான் வரிசையில் நின்றபோது அம்மா வீட்டில் எனக்காக ஒரு காரியம் செய்துவைத்தாள். குடிநீர்ப் பானையில் போடச் சொல்லி முனிசிபாலிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வீடு பிளீச்சிங் பவுடர் கொடுத்திருந்தார்கள். கிருமியைக் கொல்லும் மருந்து என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அம்மா அதில் ஒரு கை அள்ளி வாளியில் கரைத்து, என்னுடைய ஒரே நல்ல புடவையை ஊறவைத்துவிட்டாள். கருநீலப் புடவை. நான் திரும்பி வந்தபோது அது கொடியில் கிடந்தது. மேகம் படர்ந்ததுபோல முந்தானையெல்லாம் பழுப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள்.

"நம்ம தெருவுலேர்ந்து வர்ற பொண்ணுன்னு யாரும் பயப்படக்கூடாதுன்னுதாம்மா அந்த மருந்துல நனச்சேன்" என்றாள். இரவல் வாங்கவும் வழியில்லை. அந்த நாட்களில் ஒரு வீட்டுத் துணியை இன்னொரு வீட்டில் தொடமாட்டார்கள்.

எந்த ஊர் என்று கேட்டால் பாகாயத்துப் பெரியம்மா வீட்டைச் சொல்லும்படி அம்மா பலமுறை சொல்லி அனுப்பினாள்.

ஆபீஸ் அறையில் மேனேஜரும் வயதான கெமிஸ்ட் ஒருவரும் இருந்தார்கள். கெமிஸ்ட் குரோம் உப்பைப் பற்றியும் அமிலங்களைப் பற்றியும் கேட்டார். தடுமாறாமல் சொன்னேன். அவர் தலையாட்டியதைப் பார்த்து வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். அப்போது மேனேஜர் என் முந்தானையைப் பார்த்தார்.

"வேலூர்ல படிச்சிருக்க. வீடும் அங்கதானா?"

"இல்ல சார். இங்க ஆத்தோரத் தெரு."

அவர் நாற்காலி சற்றுப் பின்னால் நகர்ந்தது. "அங்கதான காலரா ஜாஸ்தி?"

"ஆமா சார். எங்கப்பா உங்க சுண்ணாம்புக் குழியிலதான் வேல செய்றார். இன்னிக்குக் காலையிலயும் அந்தத் தெருவுலேர்ந்துதான் வந்தார்."

கெமிஸ்ட் குனிந்து மேசையைப் பார்த்தார். மேனேஜருக்கு முகம் மாறியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"கெமிஸ்ட்ரி படிச்சிருக்க. கலர்த் துணிய பிளீச்சிங் பவுடர்ல போட்டா இன்னா ஆவும்?"

"குளோரின் சாயத்த எடுத்துடும் சார்."

"தெரிஞ்சிருக்குது. அப்ப இத யாரு போட்டது?"

அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். படிக்காதவள், தெரியாமல் செய்துவிட்டாள் என்று அவரும் சிரித்திருப்பார், கெமிஸ்டும் சிரித்திருப்பார். அந்த அறையில் அவளை வைத்து யாரும் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது.

"நான்தான் சார். அவசரத்துல போட்டுட்டேன்."

மேனேஜர் கெமிஸ்டைப் பார்த்தார். "லேபுலயும் இப்படி அவசரப்பட்டா ஒரு குழி தோலும் போச்சு." பிறகு என்னிடம், சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னேன் என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் டேனரியில் பேச்சு ஆபீஸிலிருந்து குழிக்கு வர நேரமாகாது. அன்று மாலை அப்பா வந்து கைகால் கழுவாமலே நின்றார். கெமிஸ்ட்ரி படித்துவிட்டுத் தன் புடவையையே வெளுத்துக்கொண்ட பெண் என்று குழியில் கூடவே நிற்பவர்கள் சிரித்தார்களாம்.

"நீயாம்மா அப்படிப் பண்ண?"

"நான்தாம்பா."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலை நிமிரவில்லை.

"இல்ல. நான்தான் போட்டேன்" என்றாள் அப்பாவிடம். "பொண்ணு மேல தப்பு இல்லன்னு நாளைக்குப் போயி அந்த மேனேஜர்கிட்ட சொல்லு."

அப்பா அந்த டேனரியில் இருந்த இத்தனை வருஷத்தில் ஆபீஸ் அறைக்குள் கால் வைத்ததில்லை. அது அம்மாவுக்கும் தெரியும். அவர் வெளியே போய் வாளியை எடுத்தார். வெகுநேரம் சுண்ணாம்பு ஏறிய கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.