நானூறு மீட்டர் கேட்டுப் போனேன்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு ஒஸ்லோவில் இறங்கினேன். வெளியே மைனஸ் ஆறு. சென்னையில் பெருமையாக வாங்கிய ஸ்வெட்டர் பத்தே நிமிடத்தில் தோற்றுவிட்டது. விமான நிலையத்திலிருந்து நகரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ரயிலில் அரை மணிகூட ஆகவில்லை.

ஆப்பிரிக்காவில் கடற்கரை இல்லாத ஒரு நாட்டின் எண்ணெய் வயலிலிருந்து எல்லை தாண்டி, அடுத்த நாட்டுத் துறைமுகம்வரை கச்சா எண்ணெய் ஏற்றுமதிக் குழாய் பதிக்கிறோம். நான் நில அளவைப் பொறியாளர். குழாய்த் தடத்தை நடந்து பார்த்தபோது, இரண்டு கிராமங்கள் தண்ணீர் எடுக்கும் ஊற்று ஒன்று சரியாக அதன் குறுக்கே இருந்தது. நானூறு மீட்டர் விலகிப் போகலாம் என்றேன். "ஒஸ்லோ ஒத்துக்கிட்டா பார்ப்போம்" என்றார் மேலாளர். வடிவமைப்பைச் சரிபார்க்கும் அலுவலகம் அங்கேதான்.

பத்து மணிக்குக் கூட்டம். சரிபார்க்கும் பொறியாளர் தர்சினி, யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒஸ்லோவில் பிறந்தவர். என் பெயரைப் பார்த்து, "தமிழோ?" என்றார்.

"ஆமாங்க, சென்னை."

"ஓம், 'ங்க' எண்டதுமே விளங்கிட்டுது" என்று சிரித்தவர், வரைபடத்தில் குனிந்தார். "சூடாக்கி அனுப்புற எண்ணெய், அந்தச் சூட்டிலை குழாய் நீளும். உங்கட வளைவு அதைத் தாங்கும். ஆனா இந்தப் படமெல்லாம் கோடையிலை எடுத்ததோ? மாரியிலை தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.

உடனே களத்திலிருந்த சகா ஜோசப்பைப் போனில் கூப்பிட்டேன். அவர் ஊற்றுக்குப் போய், குடத்தோடு நின்ற பெண்களிடம் கேட்டார். அவர்கள் முன்னே நடந்து காட்ட, இவர் அளந்துகொண்டே பின்னால் போயிருக்கிறார். பிற்பகல் இரண்டு பத்துக்குப் பதில் வந்தது: மழைக்காலத்தில் என் புதிய வழியும் தண்ணீருக்குள்தான். அறுநூற்றைம்பது மீட்டராவது விலக வேண்டும்.

மேலாளருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். "நானூறு கேக்க அனுப்பினா அறுநூத்தைம்பதோட வர்றியேப்பா!" என்று அலறினார்.

தர்சினி குறுக்கிட்டார். "தண்ணிக்குள்ளை போட்டா வெறுங்குழாய் மிதக்கும். கொங்கிறீட் பூசித்தான் இறக்கோணும், அது உங்களுக்கு இன்னும் செலவு. நானூறுக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன். மற்றதுக்கு இப்பவே வைக்கிறன்."

செலவு என்றதும் மேலாளர் இறங்கி வந்தார். "சரி, வைங்கம்மா" என்றார்.

மாலை குறொன்லாண்ட் நிலையத்தில் நிலத்தடி ரயில் ஏறி, தர்சினியின் பெற்றோர் வீடிருக்கும் புருசெத் போனோம். தர்சினியின் அம்மா புட்டும் மீன் குழம்பும் வைத்திருந்தார். அப்பா என்னைவிட ஆர்வமாக, "அந்தச் சனத்துக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்டார். ஜோசப் ஏற்கெனவே பழைய தடத்தின் முளைக்கம்புகளைப் பிடுங்கிப் புதிய வழியில் ஊன்றத் தொடங்கியிருந்தார். அவர் அனுப்பிய படத்தில் அந்தப் பெண்களில் ஒருத்தி கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கைபேசி மேசையைச் சுற்றி வந்தது. என் தட்டில் மூன்றாம் முறை புட்டு விழுந்ததை நான் தடுக்கவில்லை.

மறுநாள் விமான நிலைய ரயிலில் ஊர் நினைப்பு வந்தது. காவிரிப் படுகையில் பதினொரு வருடம் குழாய் பதித்திருக்கிறேன். மழையில் எங்கே தண்ணீர் நிற்கும் என்று வரைபடத்தைத்தான் கேட்டிருக்கிறேன். வயலில் நின்றவர்களைக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. கூடவே, ஊர்க்காரர்களைக் கேட்டுத் தொடங்கும் அடுத்த வேலைக்கு எப்போது போவோம் என்றும் இருந்தது.