மண்டோர் போட்ட சாப்பாடு

ஞாயிறு காலை பத்தே முக்காலுக்குச் சிங்கப்பூரின் தெம்பனிஸில் ரயில் ஏறினோம். பூகிஸில் இறங்கி வண்டி மாறினால் லிட்டில் இந்தியா. மொத்தம் நாற்பது நிமிடம், கட்டணம் ஏறக்குறைய இரண்டு வெள்ளி; டாலரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். திருச்சி அச்சகத்தில் பிழை திருத்தும் எனக்கு இது முதல் வெளிநாடு. பக்கத்தில் என் தம்பி செல்வம். கட்டுமான வேலைக்கு இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இரண்டு வாரம் முன்புதான் அவனை சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். மிதப்பாக இருக்க வேண்டியவன், நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தான்.

வேலையாட்களை ஏற்றிப்போகும் லாரியை ஓட்டும் மலாய்க்காரர்தான் அவனை முதலில் "மண்டோர்" என்று கூப்பிட்டாராம். இப்போது எல்லாரும் அப்படித்தான். சொற்களின் பூர்வீகம் தோண்டுவது எனக்கொரு வியாதி. ரயிலிலேயே கைப்பேசியில் தோண்டினேன். லத்தீனில் 'மந்தாரே' என்றால் ஒப்படைப்பது. போர்த்துகீசியர் வாயில் அது 'மந்தாதோர்' ஆகி, கப்பலேறி வந்து, மலாயில் மண்டோர் ஆகிவிட்டது. இந்தோனேசியாவிலும் மேஸ்திரிக்கு இதே பெயர்தான்.

"ரோமாபுரியிலேர்ந்து பதவி வந்திருக்குடா உனக்கு," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "இன்னிக்குச் சாப்பாட்டுக்குக் குமார் வரமாட்டான்ணே. அவன் வரலைன்னா இந்த வேலைய திருப்பிக் குடுத்துடுவேன். சத்தியமா."

குமார் ஒன்பது வருஷமாக அவனோடு ஒரே அறையில் இருப்பவன். புதன்கிழமை பாதுகாப்பு பெல்ட் மாட்டாமல் ஆறாவது மாடிச் சாரத்தில் நின்றிருக்கிறான். செல்வம் எல்லார் முன்னாலும் கத்தி, கீழே இறக்கிவிட்டான். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

பதவி உயர்ந்தவன் தன் ஆட்களுக்கு ஒரு ஞாயிறு சோறு போட வேண்டும், அதையும் தானே பரிமாற வேண்டும். இது அவர்களுக்குள் வழக்கம். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஓர் உணவகம், இலைச் சாப்பாடு ஒன்பது வெள்ளி. ஒன்பது ஆட்களுக்கு ஒன்பது இலை போட்டாயிற்று. எட்டுப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். செல்வம் சோற்றுவாளியோடு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சோறு ஆறுது லா, மண்டோர். போடுங்க," என்றார் ஒருவர்.

பன்னிரண்டு இருபதுக்குக் குமார் வந்தான். முகம் உர்ரென்று இருந்தது. கைப்பேசியைச் செல்வத்திடம் நீட்டினான். "இந்தா, பேசு. என் பொண்டாட்டி."

திரையில் ஒரு பெண். "செல்வம் அண்ணே, இவர எல்லார் முன்னாடியும் திட்டுனீங்களாமே?"

"ஆமாம்மா… அது வந்து…"

"பத்தாதுண்ணே! இன்னொரு வாட்டி பெல்ட் இல்லாம ஏறுனா எனக்கு போன் போடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

சிரிப்பில் மேசையே அதிர்ந்தது. "நியாயம் கேக்கலாம்னு இவகிட்ட சொன்னேன். மூணு நாளா எனக்குத்தான் அர்ச்சனை," என்றபடி குமார் இலை முன்னால் உட்கார்ந்தான். செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சோற்றை அள்ளி வைத்தான், பாதி மேசையில் விழுந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

செவ்வாய் விமானம் ஏறினேன். ஊர் சுற்ற வருகிறவர்கள் தவறாமல் போகும் மெரினா பே பக்கம் போகவே முடியவில்லை. சிங்கப்பூரில் என்ன பார்த்தாய் என்று ஊரில் கேட்பார்கள். கோபித்துக்கொண்ட ஒருவன், என் தம்பி கையால் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தேன் என்பேன்.