கண்ணை மட்டும் விட்டுடுங்க

மருதுவிடம் அடி வாங்காத ஆளை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூட்டை இறக்குகிற வேலை அவனுக்கு. லாரியைக் குறுக்கே போட்டவனுக்கு அடி, வரிசை தாண்டி மூட்டைக்குத் தோள் கொடுத்தவனுக்கு அடி, குரலை உயர்த்திப் பேசிய கமிஷன் கடைப் பையனுக்கு அடி. போன சித்திரையில் ஒரு லாரி கிளீனரைப் பொடனியில் போட்ட போடில் அவன் முகம் லாரிக் கதவில் மோதி முன்பல் உடைந்து விழுந்தது. எதுக்குய்யா அடிச்ச என்று மறுநாள் கேட்டால் மருதுவுக்கே நினைவில்லை. அவனுக்குக் கை முதலில் போகும், புத்தி மூச்சிரைக்கப் பின்னால் வந்து சேரும். பாசக்காரன், கோபம்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்று மார்க்கெட்டில் நல்ல பேர் வேறு. அதைச் சொன்னவர்கள் அடி வாங்காதவர்கள்.

வீட்டிலும் அதே கைதான். மனைவி முத்துமீனாவின் இடது புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. ஒரு பொங்கலன்று அவன் எறிந்த செம்பு போட்ட கோடு அது. அவளும் வாங்கிக்கொண்டு மூலையில் உட்காருகிறவள் இல்லை. மருதுவின் முன்கையில் இருக்கிற பல் தடம் அவளுடையது. ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த தெருவில், அந்த வீட்டுச் சத்தத்துக்கு டிவியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார்கள். அவ்வளவுக்குப் பழகிவிட்டது. பழகிக்கொண்டவர்களைச் சொல்ல வேண்டும்.

அந்தக் கை படாத ஒரே ஆள் மகள் பவதாரிணி. அவள் பிறந்தபோது பெரியாஸ்பத்திரி நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளை அவன் உள்ளங்கைக்குள் அடங்கிப் போனதைப் பார்த்ததும் மருதுவுக்கு முதல்முறையாகத் தன் கையைக் கண்டே பயம் வந்தது. அன்றைக்கே பாண்டி கோயிலுக்குப் போய், இவளைத் தொட்டு அடிக்க மாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். புதுச் செல்போனைத் தண்ணீர் அண்டாவுக்குள் போட்டபோதுகூட அவளை ஒன்றும் செய்யவில்லை, அண்டாவைத்தான் உதைத்தான். அவன் வாழ்க்கையில் அவன் காப்பாற்றி வைத்திருந்த ஒரே ஒழுங்கு அதுதான். அதை நினைத்து அவனுக்குப் பெருமை உண்டு.

வில்லங்கம் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. பவதாரிணி இரண்டாம் வகுப்பு வரை அடுத்த தெரு யூனியன் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். முத்துமீனாவுக்கு அங்கே பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைக்கிற வேலை. ஒரு நாள் மகளை மடியில் வைத்துக்கொண்டு மருது பேச்சுவாக்கில் கேட்டான்.

"ஒங்க டீச்சர் எப்புடித்தா, நல்லா அடிப்பாங்களா?"

"இல்லப்பா. எங்க ஸ்கூல்ல பிரம்பே கெடையாது."

மருதுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்குத் தெரிந்த படிப்பு வேறு. அவன் அப்பா அவனை ஒன்றாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டபோது வாத்தியாரைக் கும்பிட்டுச் சொன்னது, "கண்ணை மட்டும் விட்டுடுங்க சார், மத்ததையெல்லாம் உரிச்சிருங்க." எல்லா அப்பன்களும் சொன்னதுதான். சொல்லாவிட்டால் பிள்ளை மேல் அக்கறை இல்லாதவன் என்று ஆகிவிடும். வாத்தியாரும் மரியாதையாகக் கண்ணை விட்டுவிட்டு மற்றதை உரித்தார். ஏழாம் வகுப்பில் விழுந்த ஒரு அறையில் மருதுவின் இடது காதில் ரத்தம் வந்தது; இன்றைக்கும் அந்தக் காது மந்தம்தான். அன்றைக்கு வாத்தியார் மேல் பெஞ்சைத் தள்ளிவிட்டு ஓடியவன், ஓடி நின்ற இடம் லாரி ஷெட்டு.

இதிலிருந்து வேறு யாராக இருந்தாலும் அடியால்தான் படிப்பு போனது என்று புரிந்துகொள்வார்கள். மருது புரிந்துகொண்டது நேர்மாறாக. இன்னும் ரெண்டு வருஷம் அடி தாங்கியிருந்தால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், பொறுக்கத் தெரியாமல் ஓடிவிட்டேன் என்பது அவன் கணக்கு. மூட்டை தோளில் ஏறும்போதெல்லாம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பான். ஆக, மகள் படிக்க வேண்டும் என்றால் அவளை யாராவது அடிக்க வேண்டும். தன்னால் முடியாது, சத்தியம் இருக்கிறது. யூனியன் பள்ளிக்கூடத்தில் அடிப்பதில்லை. அப்படியானால் அடிக்கிற பள்ளிக்கூடமாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

மேலூர் ரோட்டில் அப்படி ஒன்று இருந்தது. தனியார் பள்ளிக்கூடம், இங்கிலீஷ் மீடியம். பிள்ளைகளின் சட்டை நிறத்தை வைத்து எல்லாரும் மஞ்சச்சட்டைப் பள்ளிக்கூடம் என்பார்கள். அங்கே பிள்ளைகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய் திறக்காமல், வரிசையாக நடக்கும். வேனுக்காக நிற்கும்போதும் அப்படித்தான். அதைப் பார்த்துப் பெற்றவர்களுக்கு மயிர்க்கூச்செறியும்.

"நான் தெனமும் அந்த யூனியன் பள்ளிக்கூடத்துலதான்யா நிக்கிறேன்," என்றாள் முத்துமீனா. "எம்புள்ள அங்க வாய் ஓயாம பேசுது. டீச்சரையே மடக்கிக் கேள்வி கேக்குது. இதைவிட என்ன வேணும் ஒனக்கு?"

"பேசுறதுக்கா பள்ளிக்கூடம்? பயம் வேணாமா?"

"பயம் வேணும்னா அதுக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்? அதான் வீட்டுலயே இம்புட்டு வச்சிருக்கியே."

அதற்கு மேல் வாய்ப்பேச்சு இல்லை. அவன் அறைந்ததில் அவள் அடுப்பு மேடையில் போய் விழுந்தாள். விழுந்தவள் கொதிக்கிற சாம்பாரில் கிடந்த கரண்டியை எடுத்து அவன் தோளில் வைத்தாள். அவன் அலறிக்கொண்டு அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். பவதாரிணி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் நுழைந்து காதைப் பொத்திக்கொண்டாள். சண்டை முடிந்தபோது முத்துமீனாவுக்கு உதடு கிழிந்திருந்தது, மருதுவின் தோளில் தோல் வழண்டிருந்தது. அவன் கை பெரிது என்பதால் அவன் சொன்ன பள்ளிக்கூடம் ஜெயித்தது. எந்தப் பள்ளிக்கூடம் நல்லது என்று அந்த வீட்டில் முடிவான விதம் இதுதான்.

ஜூன் மாதம் மூன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். வகுப்பு வாத்தியார் விக்ரம் என்று ஒரு சின்ன வயசுக்காரர். சட்டையை இன் பண்ணி, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பதற்றத்தோடு நின்றார். மார்க் குறைந்தால் பெற்றவர்களுக்கு முன்னால் மேனேஜரிடம் அவர்தான் ஏச்சு வாங்க வேண்டும். மருது அவரைக் கும்பிட்டான்.

"கண்ணை மட்டும் விட்டுடுங்க சார், மத்ததையெல்லாம் உரிச்சிருங்க."

விக்ரம் சிரித்தார். "நீங்க கவலையே படாதீங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்."

இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற பவதாரிணி அப்பாவை ஒரு தடவையும் வாத்தியாரை ஒரு தடவையும் அண்ணாந்து பார்த்தாள். அவளை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

மூன்று மாதத்தில் பிள்ளை ஆளே மாறிப்போனாள். எழுத்து முத்து முத்தாக வந்தது. ரைம்ஸ் சொல்லச் சொன்னால் நிறுத்தாமல் சொன்னாள். கேள்வி கேட்பது மட்டும் நின்றுபோனது. வீட்டுக்குள்ளேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். மருது அவள் நோட்டை செல்போனில் படம் பிடித்து மார்க்கெட்டில் காட்டாத ஆள் இல்லை. பார்த்தியா மாப்ள, எம்புள்ள எழுத்தை என்பான். தூங்கும்போதுகூட அவள் முழங்கால் வரை ஏறுகிற ஸாக்ஸைக் கழற்றுவதில்லை என்பதை அவன் கவனிக்கவில்லை. முத்துமீனா கவனித்துக் கேட்டதற்கு, குளிருதும்மா என்றாள் பிள்ளை. மதுரையில், ஆகஸ்ட் மாதத்தில்.

காலாண்டுப் பரீட்சை நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேண்டாம் வேண்டாம் என்று அழ அழ முத்துமீனா அவளை உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தாள். ஸாக்ஸைக் கழற்றியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பிரம்புத் தழும்பு. பழையது கறுத்திருந்தது, அதன் மேல் புதியது சிவந்து தடித்திருந்தது. ஒரு இடத்தில் தோல் வெடித்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"யாருடி இது? ஏண்டி எங்கிட்டச் சொல்லல?"

"எங்க சாருதாம்மா. அப்பாதான அடிக்கச் சொன்னாங்க."

முத்துமீனா கத்தவில்லை. மருதுவைக் கூப்பிட்டு, பிள்ளையின் காலை அவனுக்கு நேராகத் திருப்பிக் காட்டினாள். அடிக்கச் சொன்னவன் அவன்தான். ஆனால் சொன்னபோது அவன் மனசில் இருந்தது அவனுடைய பழைய கால்தான், எருமைத்தோல் கால். இந்தக் கால் அதில் இல்லை. கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தான். திரும்பி வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

திங்கட்கிழமை பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போகிற நேரம். மருது கேட் வாட்ச்மேனைத் தள்ளிவிட்டு உள்ளே போய் வராந்தாவில் விக்ரமைப் பிடித்தான். முதல் குத்தில் மூக்கு உடைந்தது. இரண்டாவதில் வாத்தியார் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்தார். மருது அவரை டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

"பெத்தவன்டா நான். நானே தொட்டதில்லடா."

மறுபடி மறுபடி அடித்தான். விலக்க வந்த வேன் டிரைவர் தெறித்துப் போய் விழுந்தான். வராந்தாவின் மஞ்சள் சுவரெல்லாம் ரத்தம். வரிசையில் நின்ற பிள்ளைகள் அப்போதும் கையைப் பின்னால் கட்டியபடியே அழுதன. விக்ரம் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"நீங்கதானண்ணே சொன்னீங்க. கண்ணுல படாமத்தாண்ணே அடிச்சேன்."

மருதுவின் கை இன்னொரு தடவை ஓங்கியது. அப்போதுதான் வரிசையிலிருந்து பவதாரிணி வந்தாள். ஓடி வரவில்லை, பழக்கப்பட்ட நடையாக நடந்து வந்தாள். அப்பாவுக்கு முன்னால் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"என்னைய அடிங்கப்பா. நாந்தான் கணக்கைத் தப்பாப் போட்டேன்."

மருதுவின் கை அந்தரத்தில் நின்றது. அந்த நேரம் பார்த்து டிரைவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து அவன் மேல் விழுந்தார்கள். முழங்காலை மடக்கிப் போட்டு மிதித்தார்கள், விலாவில் உதைத்தார்கள். மருது ஒருவனையும் திருப்பி அடிக்கவில்லை. அடி விழ விழ அவன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் திறக்கவும் இல்லை, கையை இறக்கவும் இல்லை.

ஸ்டேஷனில் ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். பிரம்பு விஷயம் வெளியே வந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கெட்ட பேர், அடிதடிக் கேஸ் போனால் மருதுவுக்கு ஜெயில். இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொள்வது என்று பேசி முடித்து பவதாரிணியின் டிசியைக் கொடுத்து அனுப்பினார்கள். விக்ரமை வேலையை விட்டு எடுத்ததாகப் பிறகு காதில் விழுந்தது. அடிக்கச் சொல்லி ஏவியவன் மட்டும் மார்க்கெட்டில் விலாவைப் பிடித்தபடி மூட்டை தூக்கினான்.

விஜயதசமியன்று முத்துமீனா பவதாரிணியைக் கூட்டிக்கொண்டு யூனியன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். மருதுவும் பின்னால் போனான். தலைமையாசிரியை ஸ்யாமளா அறையில் அவர்களுக்கு முன்னாலேயே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். மருதுவோடு மூட்டை தூக்குகிற கருப்பு. மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்திருந்தான். பேர் எழுதி முடித்ததும் கருப்பு கையெடுத்துக் கும்பிட்டான்.

"கண்ணை மட்டும் விட்டுடுங்க டீச்சர், மத்ததையெல்லாம்..."

முடிக்க விடவில்லை மருது. கருப்பின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். அலமாரியில் இருந்த உலக உருண்டை கீழே விழுந்து உருண்டது. "என்ன வார்த்தைடா சொல்ற? என்ன வார்த்தை சொல்ற?" என்று கை ஓங்கினான்.

பக்கத்தில் பவதாரிணி கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டி நின்றாள். அவளைப் பார்த்துக் கருப்பின் மகனும், இங்கே அப்படித்தான் போல என்று நினைத்து, தன் கையை நீட்டினான்.

ஸ்யாமளா டீச்சர் எழுந்துவிட்டார். "மொதல்ல கையை எடுங்க. இங்க யாரும் யாரையும் அடிக்கிறதில்ல." பிறகு பவதாரிணியைப் பார்த்துக் குரலை இறக்கிக் கேட்டார். "இது எத்தனை நாளா இப்படிச் செய்யுது?"

"அந்தச் சம்பவத்துல இருந்துதான் டீச்சர். இவரு யார் மேல கை ஓங்குனாலும் வந்து நின்னுருது," என்றாள் முத்துமீனா. "நேத்து எம்மேல ஓங்குனாரு, அப்பவும் வந்து நின்னுச்சு." உதட்டில் இருந்த பழைய தழும்பை நாக்கால் தடவிக்கொண்டாள். "இவளுக்கு அடிக்காத பள்ளிக்கூடம் கெடச்சிருச்சு டீச்சர். அடிக்காத வீடுதான் இன்னும் கெடைக்கல."

அதை அவள் டீச்சரிடம் சொன்னாலும் பார்த்தது மருதுவைத்தான். மருது கருப்பின் சட்டையை விட்டான். மகளின் நீட்டிய கையைப் பிடிக்கலாமா என்று குனிந்தான். தன் கை பக்கத்தில் போனதும் அவள் இமை இன்னும் இறுகியதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பவதாரிணி ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து, அப்பாவின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.