‘வா’ என்ற இடத்தில் சிக்கும் தட்டு

கல்யாணமான புதிதில் வாங்கிய ஓர் இசைத்தட்டு எங்கள் பீளமேட்டு வீட்டில் இருக்கிறது. அதில் பாடகி ‘வா’ என்று சொல்லும் இடத்தில் ஊசி சிக்கிக்கொள்ளும். வா, வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். சமையலறையிலிருந்து என் மனைவி, “வாரேனுங்க, வாரேனுங்க! கைவேலையா இருக்கேன்” என்று பதில் கொடுப்பாள். பிறகு நான் எழுந்து போய் ஊசியைத் தூக்கிவிடுவேன். முப்பது வருடமாக இதே கூத்து. இருவருக்கும் அது சலித்ததே இல்லை.

மகளின் பிரசவத்துக்கென்று ஆஸ்திரேலியா போனவள், மூன்று மாதத்தில் வந்துவிடுவதாகச் சொன்னாள். பதினோரு மாதம் ஆகிவிட்டது. பேத்தி குப்புற விழுந்தாள், தவழ்கிறாள் என்று தினமும் செய்தி வருகிறது. இவள் திரும்பி வருகிற செய்தியைக் காணோம். நானும் கேட்கவில்லை. கேட்டால், அப்பாவுக்குச் சோறாக்க ஆளில்லை போல என்று மகள் நினைப்பாளே என்ற வீறாப்பு. சோற்றுக்கு ஒன்றும் குறைவில்லை. அவள் குரல் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு நாள்கூட இருப்புக் கொள்ளவில்லை.

பொழுது போகட்டும் என்று, இசைத்தட்டு கழுவும் அல்ட்ராசோனிக் மெஷின் ஒன்றை வாங்கினேன். தொட்டியில் தண்ணீர் ஊற்றி, தட்டுகளைக் கம்பியில் கோத்து இறக்கினால் மெல்லச் சுற்றும். காதுக்கு எட்டாத ஒலி தண்ணீரை அதிரவைத்து, கோடுகளுக்குள் படிந்த அழுக்கைக் கிளப்பிவிடும். சிறுவாணித் தண்ணீரைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொள்ளும் நான், இதற்காக பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைக் கேன் கேனாகச் சுமந்து வந்தேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, “ஏனுங்க, மீனு வளக்கறீங்களா?” என்றார்.

எல்லாத் தட்டுகளையும் கழுவிவிட்டுக் கடைசியாக அந்தத் தட்டை எடுத்தேன். அதில் இருப்பது கீறல் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கீறலை எந்த மெஷினாலும் கழுவ முடியாது. சுற்றியுள்ள கரகரப்பு மட்டும் போனால் அந்த ‘வா’ இன்னும் துலக்கமாகக் கேட்குமே என்று ஆசைப்பட்டு, கால் மணி நேரம் சுற்றவிட்டேன். நன்றாகக் காயவைத்துப் போட்டுக் கேட்டேன்.

‘வா’ என்றாள். ஒரே தடவைதான். பாட்டு நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டது.

ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தேன். வழவழவென்று ஓடியது. மிச்சமிருந்ததையும் என் கையாலேயே கெடுத்துக்கொண்டேனே என்று நினைத்தேன். உடனே மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

கேட்டதும் சிரித்தாள். “அது கீறலே இல்லீங்க. ஒரு தீவாளிக்குக் கச்சாயம் சுடறப்ப, பாகுக் கரண்டியோட வந்து ஊசியத் தூக்குனேன். ஒரு சொட்டு உழுந்துபோச்சு. உங்களுக்குத்தான் மூக்கு மேல கோவம் வருமே! சொல்லாம உட்டுப்போட்டேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

“வந்துரு அம்மணி. என்னால முடியல” என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது.

“தெனமும் போனு பண்ணறீங்க. புள்ள சாப்புட்டாளா, அங்க மழையான்னு கேக்கறீங்க. இந்த ஒரு வார்த்தைய எப்பச் சொல்லுவீங்கன்னு, பதினோரு மாசமா பாத்துட்டே இருக்கறனுங்க” என்றாள்.